நாலு கட்டத்துக்குள் எண்ணிய காய்ச்சல்

ரத்தப் பரிசோதனைக்காரியைப் பார்த்து "வாங்க" என்று முகம் மலர்ந்து சொன்ன நோயாளி இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது என்னைப் போன்ற ஒருத்தியிடம் விரலை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். மீதிப் பேர் என் கட்சி, ஊசி பிடித்தவர்கள். வலி இரண்டு பக்கமும் உண்டு என்பது நமக்குத்தான் தெரியும்.

போடி பஜாரில் அப்பாவுக்கு இரும்புக்கடை. மதுரையில் ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே மலைக்காற்றோடு ஒரு சளிக்காய்ச்சல் இறங்கியது. வைரஸ் காய்ச்சல் என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி. வார்டில் இருபது கட்டில்தான். இருமுகிறவர்கள் முப்பது பேர். எக்ஸ்ரே எடுக்கத் தேனிக்குப் போக வேண்டும். ஆகவே யாருக்கு எந்த மருந்து, யாரைப் படுக்க வைப்பது, யாரை அனுப்புவது என்பதில் பாதி என் மேஜையில் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பின் தலையில் வந்து விழுந்தது.

நாலு விரல்

முதலில் வந்தவர் காமயகவுண்டன்பட்டிச் செல்லையா. திராட்சைத் தோட்டத்தில் கத்தரியால் கொடி நறுக்கி, கவாத்து வெட்டுகிறவர். நெருப்பாகக் கொதிக்கிற உடம்பு. விரலில் குத்தி, பிப்பெட்டில் ரத்தத்தை உறிஞ்சி, கரைசல் கலந்து, கோடு போட்ட கண்ணாடியில் விட்டு எண்ணினேன். நாலு மூலைக் கட்டத்திலும் சேர்த்து வெள்ளணு நாற்பத்து நாலு. அதை ஐம்பதால் பெருக்க வேண்டும். இரண்டாயிரத்து இருநூறு! நல்ல உடம்பில் குறைந்தது நாலாயிரமாவது இருக்கும். காய்ச்சல் என்றால் ஏறத்தானே வேண்டும் என்று எனக்குள் ஒரு பாடம். நான்தான் தப்புச் செய்துவிட்டேன் என்று இன்னொரு விரலில் குத்தினேன். பிறகு இன்னொன்று. அப்புறமும் ஒன்று. நாலு தடவையும் கிட்டத்தட்ட அதே கணக்கு. வேலை போய்விடும் என்ற பயத்தோடு டாக்டரிடம் போய் நின்றேன்.

அவர் திட்டவில்லை. எழுந்து லேபுக்கு வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, தானே கட்டம் கட்டமாக எண்ணினார். "சரியாத்தான் எண்ணியிருக்கே. இந்த வைரஸ் வந்தா வெள்ளணு இறங்கும். நாலு தடவை பார்த்தது தப்பில்லை. ஆனா முதல் தடவையே உன்னை நம்பக் கத்துக்கோ" என்றார். நான் செல்லையாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பஞ்சு ஒட்டிய நாலு விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆறு வெரலு இருக்குத்தா. சந்தேகமா இருந்தா அதையும் குத்திப் பாத்துக்க. கத்தரி பிடிக்க ரெண்டே ரெண்ட மட்டும் விட்டுரு."

போடாத ஊசி

சின்னமனூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மனைவியைக் காரில் கொண்டுவந்து சேர்த்தார். அதே சளிக்காய்ச்சல், அதே குறைந்த வெள்ளணு. "பெனிசிலின் போடுங்க" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அது பாக்டீரியாவுக்கான மருந்து, இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். பெரிய ஊசி போடாத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி என்று கடைக்காரர் வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். டாக்டர் என்னிடம், "காலையிலும் சாயங்காலமும் இந்தம்மாவுக்கு எண்ணு. ஏறினா ஓடி வா" என்றார்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வேர்த்துக்கொட்டி எழுந்து கஞ்சி குடித்தார் அந்த அம்மா. ஐந்தாம் நாள் காலையில் மறுபடி குளிர் நடுக்கம், நெஞ்சு வலி. எண்ணினால் வெள்ளணு பதினெட்டாயிரம். சாயம் போட்ட கண்ணாடியில் எங்கே பார்த்தாலும் பாக்டீரியாவோடு சண்டை போடுகிற வகை அணுக்கள். கையில் சாயத்தோடேயே ஓடினேன். பெனிசிலின் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கப் போட்ட சோதனை ஊசிக்குக் கை தடிக்கவில்லை என்று தெரிந்ததும் டாக்டரே மருந்தை ஏற்றினார். வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டுப் போன இடத்தில் இரண்டாவது கிருமி புகுந்திருந்தது. பத்து நாள் கழித்து மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கிளம்பும்போது கடைக்காரர் என் ஜன்னலருகே நின்றார்.

"நான் அம்புட்டுக் கத்தியும் டாக்டரம்மா அசையாம நிண்டாக. எங்க கடைத் தராசு முள்ளுகூட அப்பிடி நிண்டு நான் பாத்ததில்லம்மா."

குளிருக்குப் பயந்த ரத்தம்

பேச்சிமுத்து மேகமலை எஸ்டேட்டில் காவல்காரர். இரண்டு வார இருமலோடு இறங்கி வந்தார். மார்கழிக் காலை. அவர் ரத்தத்தைக் குழாயில் எடுத்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் மணல் மணலாக ஒட்டியது. உறையவில்லை, ஆனால் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தன. குழாய் அழுக்கு என்று நினைத்து வேறு குழாயில் எடுத்தேன். அதிலும் மணல்.

குமுளிப் பக்கத்திலிருந்து வந்த சிஸ்டர் ரோசம்மா அந்தக் குழாயை வாங்கி இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, எனக்காக ஜெபம் செய்வதுபோல் நின்றார். கையைத் திறந்தபோது மணல் கரைந்து ரத்தம் ரத்தமாக இருந்தது. "நோக்கு மோளே, இதுக்குத் தணுப்பு ஆகாது" என்றார், குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதைத் தன் மலையாளம் கலந்து. டாக்டரிடம் ஓடினோம். சில வகை நுரையீரல் காய்ச்சலில் இப்படி வரும், குளிர் பட்டால் சிவப்பணு ஒன்றோடொன்று ஒட்டி உடையும் என்றார். உண்மைதான், மூன்று நாளில் ஹீமோகுளோபின் பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தது, கண் மஞ்சளாகியிருந்தது. காலி குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, கால்மாட்டிலும் கைப்பக்கமும் வைத்தார் ரோசம்மா. ஆறினால் மாற்றுவார். அந்த வாரம் முழுக்க மாற்றினார். அவருக்கு வார்டில் வேறு இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். எட்டாம் நாள் ஹீமோகுளோபின் இறங்காமல் நின்றது. பிறகு ஏறியது. விஷயத்தை விளக்கிச் சொன்னபோது பேச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முப்பது வருசமா மேகமலைக் குளுருல துண்டோட திரிஞ்சவன் நானு. குளுரு தாங்கலைன்னா அது என் ரத்தமா இருக்காது, நல்லாப் பாருத்தா."

மாரியம்மாளின் ஆட்கள்

எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே காலியான கட்டில்கள் உண்டு. அதனால்தான் மார்க்கையன்கோட்டை மாரியம்மாள் ஈறில் ரத்தம் கசிய, காலெல்லாம் சிவப்புப் புள்ளியோடு வந்தபோது மற்ற எல்லார் குழாயையும் ஒதுக்கிவிட்டு முதலில் அவர் விரலைப் பிடித்தேன். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற பெண்மணி. வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். இருமலும் காய்ச்சலும் போய், ரத்தத்தை நிறுத்துகிற தட்டணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தன. மதுரைக்கு அனுப்பலாம், ஆனால் அந்த ரோட்டில் குலுங்கிப் போகிற வழியில் தலைக்குள் கசிந்தால்? டாக்டர் இங்கேயே வைத்துக்கொண்டார். ஆஸ்பிரின் கூடாது, வேப்பங்குச்சி கூடாது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது.

தட்டணு எண்ணுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஈரப்பஞ்சு வைத்த தட்டில் கண்ணாடியை மூடி இருபது நிமிஷம் காத்திருந்தால்தான் அவை அடியில் படியும். அப்போதும் தூசியா அணுவா என்று சந்தேகம் வரும். கரண்ட் போனால் மைக்ராஸ்கோப்பை வராந்தாவுக்குத் தூக்கிப்போய் வெயிலைக் கண்ணாடியில் பிடித்து எண்ணுவேன். அங்கேயிருந்து மாரியம்மாள் கட்டில் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "எத்தன பேரு வந்துருக்காக?" என்று கேட்பார். அணுக்களுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிற ஒரே நோயாளி. முதல் நாள் "கொஞ்சப் பேர்தான்" என்றேன். இரண்டாம் நாளும் அதுதான். மூன்றாம் நாள் இன்னும் குறைவு, ஆனால் கூடிவிட்டார்கள் என்று நான் பொய் சொன்னேன். "ஒம் முகத்துல அப்பிடித் தெரியலையேத்தா" என்றார் மெதுவாக, என்னைப் பார்த்து. அதற்குப் பிறகு பொய் சொல்லவில்லை. ஆறாம் நாள் கட்டத்துக்குள் அவை மினுமினுத்தன. எண்ணி முடிக்கவே நேரமானது. வராந்தாவிலிருந்தே கத்தினேன், நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்று. இருபது கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

"ஆளு சேந்துருச்சுல்ல, பெறகு என்னத்துக்கு இங்கன படுத்துக் கெடக்கணும்? டாக்டரம்மாட்டச் சொல்லுத்தா, நாத்து முத்திப்போகும்."

மதுரை போய் வந்த கண்ணாடி

தங்கராசு டவுன் பஸ் கண்டக்டர். வயசு இருபத்து நாலு. காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டி. அவர் ரத்தத்தைச் சாயமிட்டுப் பார்த்தபோது பெரிய பெரிய அணுக்கள், நீலம் பாய்ந்து, ஒழுங்கில்லாத வடிவில். மதுரையில் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய்க் கண்ணாடி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அதைப்போல் இருந்தது. இல்லாததுபோலவும் இருந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எனக்கும் தெரியலம்மா" என்றார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பெண்ணிடம் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் அதிகம் கேட்டதில்லை. அந்தக் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அவர் எடுத்த ஒரே விடுமுறை அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று மூன்று கண்ணாடிகளைப் பஞ்சில் பொதிந்து, டிபன் பாக்ஸில் வைத்து, பஸ் ஏறித் தன் பழைய பேராசிரியரைப் பார்க்க மதுரைக்குப் போனார். நான் அன்று முழுக்கத் தங்கராசுவின் அம்மா கண்ணில் படாமல் சுற்றினேன். கடைசியில் கிணற்றடியில் பிடித்துவிட்டார். "எம்மகனுக்கு என்னத்தா?" என்றார். "நாளைக்கு டாக்டரம்மா சொல்வாங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வார்டுக்கு வந்தார். புற்றுநோய் இல்லை, வைரஸோடு சண்டை போட்டு உருமாறிப்போன வெள்ளணுக்கள், தானாகப் போய்விடும் என்றாராம் பேராசிரியர். பதினைந்து நாளில் போகவும் போய்விட்டன. அம்மா அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகன் எழுந்து உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தொண்டை கட்டிய குரலில் டாக்டரிடம் கேட்டார்.

"என் ரத்தம் மதுர வரைக்கும் போயிட்டு வந்துருக்கு. கண்டக்டர் நான் இங்கன கெடக்கேன், அதுக்கு யாரு டிக்கெட்டு கிழிச்சாக?"

அந்தச் சீசனில் வெள்ளணு இறங்கியது, தட்டணு இறங்கியது, ஹீமோகுளோபின் இறங்கியது. எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களின் பேச்சு மட்டும் அளவுக்குக் கீழே இறங்கியதாக நான் ஒரு ரிப்போர்ட்டும் எழுதவில்லை.