எதிர்வீட்டு அடுப்பில் வெந்த வான்கோழி

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். அன்று தாங்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் நாள் விடுமுறை. இந்த நாட்டில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஒரு முழு வான்கோழியை அடுப்புக்குக் கீழே இருக்கும் அவணில் வைத்து வாட்டி, குடும்பமாகச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். கனடாவுக்கு வந்து பதினொரு வருடமாகியும் நாங்கள் அந்த வேலையில் இறங்கியதில்லை.

நான் வேலை செய்த இடத்தில் வருடாவருடம் அந்த விடுமுறைக்கு முன் ஆளுக்கொரு வான்கோழி இலவசமாகக் கொடுப்பார்கள். உறைந்து பாறாங்கல் மாதிரி இருக்கும். கூட வேலை செய்யும் ஒருவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பெரிய வள்ளல் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த வருடம் கொடுக்க முடியவில்லை. காரணம் மகள்.

பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டு விருந்து' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மேசையை விடப் பெரிதாக ஒரு வான்கோழி, அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் காதுவரை சிரிப்பு. "இது பொய்தானே?" என்று கேட்டேன். "ஓமப்பா, முழுப் பொய். ஆனா டீச்சருக்குத் தெரியாது" என்றாள். அந்தப் படத்தில் எனக்குக் குத்தியது வான்கோழி இல்லை. மூன்று பேர் ஒரே மேசையில் இருந்ததுதான்.

அந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்திருந்தது. என் மனைவிக்கு ஒரே தம்பி. போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். பெப்ரவரியில் ஒருதரம் எங்கிருந்தோ போன் எடுத்து, சுகமாக இருக்கிறேன் என்று சொன்னான். அதோடு சரி. பிறகு முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் என்று கைமாறிக் கைமாறி வந்தவற்றையெல்லாம் அவள் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. ஜூலை மாதம் ஒருநாள், ஏற்கெனவே பார்த்த பட்டியலை மூன்றாம் முறை விரித்து வைத்திருந்தாள். நான் பொறுமையிழந்து, "இருந்தால் இவ்வளவு நாளைக்கு ஒரு சத்தம் வந்திருக்கும்தானே" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. வேலையிடத்திலும் இந்த வாயால்தான் கெட்டவன். அவள் பட்டியலை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி என் முன்னால் ஒரு சொல் பேசவில்லை. மெல்ல மெல்ல மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மே மாதத்திலிருந்தே எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சமைக்கவில்லை. கேட்டதற்கு "மனமில்லை" என்றாள். எங்களோடு இருந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். எனக்கும் மகளுக்கும் போட்டுத் தந்துவிட்டு, பிறகு குசினியில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவாள். செத்த வீடென்றால் எட்டு, முப்பத்தொன்று என்று நாள் இருக்கிறது. முப்பத்தொன்று முடிந்தால் வழமைக்குத் திரும்பலாம். காணாமல் போனவனுக்கு எந்த நாளை எண்ணுவது? நானோ இதையெல்லாம் யோசிக்கிற ஆளில்லை. கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி, காருக்குள் இருந்து மகளோடு சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான் நான் கண்ட தீர்வு.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. ஒருநாள் நல்ல சாப்பாடு சமைத்து மேசையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும், அவளும் வந்து இருப்பாள் என்று முடிவுகட்டினேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உறைந்த வான்கோழி இளகட்டும் என்று ஒரு பெரிய வாளியில் தண்ணீர் விட்டு அதை வைத்து, பல்கனியில் பழைய போர்வையால் மூடி ஒளித்து வைத்தேன். குளிர் தொடங்கிவிட்டதால் அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. திங்கட்கிழமையும் காலையில் போய்விட்டாள். பின்னேரம் நாலு மணிக்குத்தான் வருவாள். நானும் மகளும் வேலையைத் தொடங்கினோம். முதலில் அவணை வெறுமையாக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் வீட்டில் அவண் என்பது தாச்சிச்சட்டி, தோசைக்கல், இடியப்பத் தட்டு எல்லாம் அடுக்கும் அலுமாரிதானே. அதன்பிறகு நான் செய்ததை இன்றைக்கும் மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குக் கோழியைத் தோலோடு சமைத்துப் பழக்கமில்லை. அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி அந்தப் பதினான்கு இறாத்தல் வான்கோழியின் தோலை முழுவதுமாக உரித்து எறிந்தேன். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். யாழ்ப்பாணத்துத் தூளை எண்ணெயில் குழைத்து அப்பினேன். சீக்கிரம் வேகட்டும் என்று சூட்டை உச்சத்தில் திருப்பி உள்ளே தள்ளினேன். "அப்பா, ரெசிப்பியில ஸ்கின் இருக்கோணும் எண்டு போட்டிருக்கு" என்று மகள் கொம்பியூட்டரைப் பார்த்துச் சொன்னபோது தோல் குப்பைக்குள் போய் இரண்டு மணித்தியாலம்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணெயும் தூளும் கருகிப் புகைக்கத் தொடங்கியது. கருகிய மிளகாய்ப் புகை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. இருமி இருமிக் கண் தெரியவில்லை. புகை அலாரம் வீரிட்டது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அம்மா கையில் துவாயோடு நிற்கிறார். ஜமெய்க்காவைச் சேர்ந்தவர், அறுபது வயதிருக்கும், தனியே இருந்தார். ஆறு வருடமாக லிஃப்டில் ஒரு 'ஹலோ'வைத் தவிர வேறு பழக்கமில்லை. நேரே உள்ளே வந்து, ஜன்னலைத் திறந்து, அலாரத்துக்குக் கீழே நின்று துவாயை வீசத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. திறந்திருந்த அவணைத்தான் பார்த்தாள். "உதுக்குள்ளயே வைச்சனீங்கள்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அப்படியே சப்பாத்துக் கழற்றும் இடத்தில், நிலத்தில் இருந்துவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவன்ர குரல் கேக்கிற வரைக்கும் இந்த அடுப்பில மச்சம் ஏறாதெண்டு அம்மனுக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன்" என்றாள்.

"நீர் ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"சொன்னா, அவன் இல்லையெண்டு திருப்பியும் சொல்லுவியள்."

அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. ஜூலையிலிருந்து அவள் தம்பியை என்னிடமிருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

எதிர்வீட்டு அம்மா என்ன நடந்தது என்று மகளிடம் கேட்டார். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். மாமாவைக் காணவில்லை, அம்மா கடவுளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறா, அப்பாவுக்கு அது தெரியாது என்று மூன்றே வசனத்தில் முடித்துவிட்டாள். நான் ஐந்து மாதம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது மூன்று வசனம். அந்த அம்மா துவாயைத் தோளில் போட்டார். பிறகு கைக்கு உறை போட்டு, தட்டோடு வான்கோழியைத் தூக்கினார். தன்னுடைய அடுப்பு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, மிச்சம் அங்கே வேகட்டும், ஆறு மணிக்கு மூன்று பேரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். மகள் ஓடிப்போய் அவருடைய கதவைத் திறந்து பிடித்தாள்.

மனைவி எழுந்து போய்த் தலைக்கு வார்த்தாள். அவள் குளித்து வருவதற்குள் நான் அந்த அவணைத் தேய்க்கத் தொடங்கினேன். கம்பித் தட்டு, அடித்தட்டு, கதவுக் கண்ணாடி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டு, மஞ்சள் தண்ணீராலும் துடைத்தேன். முறிந்த நேர்த்தி அதனால் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. அவள் ஈரத்தலையோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "மூலைக்குள்ளயும் தேயுங்கோ" என்றாள். தேய்த்தேன்.

ஆறு மணிக்கு அவளும் வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பாராமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோலில்லாத வான்கோழியை எதிர்வீட்டு அம்மா வெண்ணெயில் நனைத்த துணியால் போர்த்து, சூட்டைக் குறைத்து ஒருவிதமாகக் காப்பாற்றியிருந்தார். கருகியதைச் சுரண்டியும் இருந்தார். வயிற்றுக்குள் ஈரலும் கழுத்தும் போட்ட கடதாசிப் பை அப்படியே இருந்ததாம். அதை எடுத்துக் காட்டிக் காட்டிச் சிரித்தார். மனைவிக்கென்று தேங்காய்ப்பாலில் பயறு போட்டு வேக வைத்த சோறும் பூசணியும் தனியாக வைத்திருந்தார். வாக்கு அடுப்புக்குத்தானா, வாய்க்கும் சேர்த்தா என்று தனக்குத் தெரியாது, அதனால் இரண்டு விதமாகவும் செய்தேன் என்றார். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றியதா?

சாப்பிட முன் ஆளுக்கு ஒன்று, எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கம். மகள் தன் சைக்கிளுக்கு நன்றி சொன்னாள். நான் சாப்பாட்டுக்கு என்று முனகினேன். மனைவி தலையைக் குனிந்திருந்தாள். அந்த அம்மா வற்புறுத்தவில்லை. இறைச்சியைப் பரிமாறத் தொடங்கினார். வெந்த கழுத்துத் துண்டை எடுத்து, யாருக்கு வேண்டும் என்று பொதுவாகக் கேட்டார்.

"தம்பிக்குக் கழுத்தெண்டாச் சரியான விருப்பம்" என்றாள் என் மனைவி. தமிழில்தான் சொன்னாள், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு, தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். மனைவி பெயரைச் சொன்னாள். ஜூலைக்குப் பிறகு நான் அந்தப் பெயரை அவள் வாயால் கேட்கவில்லை. பிறகு அரை மணித்தியாலம் அவள்தான் பேசினாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கழுத்துக்காக அவன் அவளோடு சண்டை பிடித்தது, சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுத்தியது, வீட்டில் அதைச் சொல்லாமலிருக்க அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது. சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சோறு ஆறிப்போனது. எனக்குத் தெரியாத கதைகள் எத்தனையோ. கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம்.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் எனக்குச் சரளமாக வராது. தை மாதம் அவனுடைய பிறந்தநாள் என்பது மட்டும் நினைவிருந்தது. "வாற தையோட எத்தினை வயசு அவனுக்கு?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.  "இருபத்தேழு" என்றாள். பிறகு தன் தட்டிலிருந்த பூசணியில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

அடுத்த நாள் முதல் அவள் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடுகிறாள். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் அடுப்பில் இன்றுவரை மச்சம் ஏறவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அதுதான் உண்மை; அந்த உண்மையை என் மனைவிக்கு ஜூலை மாதம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம்தான் இத்தனை வருடமாகியும் என்னை விட்டுப் போகவில்லை.