நாற்பத்தோராம் பக்கத்தில் மலர்க்கொடி

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, புரட்டாசி மாதம். சம்பாவுக்கு விதை தெளித்துவிட்டு, வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பருவம். தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியறையில் வருகைப் பதிவேட்டோடு நான் அமர்ந்திருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேருந்து மாறி, அரைமணி நேரம் தாமதமாக, சேலையின் ஓரத்தில் காய்ந்த சேற்றோடு மலர்க்கொடி வந்தார்.

“கையெழுத்து எங்கங்க போடணும்? எடம் மாறிப் போட்டா வெளிய அனுப்பிடுவீங்களா?”

“அனுப்ப மாட்டோம்மா. இங்க போடுங்க.”

“அப்ப சரி. எங்க போனாலும் மொத வேலையா வெளியதான் அனுப்புறாங்க. அதான் கேட்டு வச்சிக்கிறது.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த அறையில் கூடியவர்கள் அனைவரும் ஒரு காலத்தில் மனநோயால் துன்புற்றுத் தேறியவர்கள். அதே நோயோடு இருக்கும் மற்றவர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் மாத்திரையை விடாமல் உண்ணவும், மருத்துவரைப் பார்க்கவும், மறுபடியும் வேலைக்குப் போகவும் துணை நிற்பதே அவர்களுடைய பணி. நோயைத் தம் உடம்பில் அறிந்தவர் என்பதுதான் அப்பணிக்கு முதல் தகுதி. ஆனால் அந்த ஒன்று மட்டும் போதாது. ஆண்டுதோறும் ஆறு நாள் வகுப்புக்கு வந்தால்தான் அடுத்த ஆண்டுக்கான அடையாள அட்டை கிடைக்கும். பாடம் நடத்தியவர் டாக்டர் மதிவதனி. அவர் சொல்வதைக் குறிப்பெடுத்து, எளிய தமிழில் புத்தகமாக்கித் தரும் பொறுப்பை, பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் விரும்பி ஏற்றிருந்தேன்.

மலர்க்கொடிக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. வயல்வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். இருபத்து நான்காம் வயதில், நடவு வயலில்தான் நோய் முதன்முதலில் தலைகாட்டியது. வரிசை கோணலாக இருக்கிறது என்று சொல்லி, நட்ட நாற்றையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி மறுபடியும் நட்டாராம். அதன்பின் ஏழு ஆண்டுகள் கோவில்களிலும் தர்காக்களிலும் கழிந்தன. ஒரு கோடை முழுவதும் கணுக்காலில் கயிறு. ஒழுங்காக மருந்து உண்ணத் தொடங்கிய பிறகே தெளிந்தார். இந்தப் பணிக்கு வந்ததும் ஊரார் அவருக்கு ‘மாத்திரை அக்கா’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். அவரோ, “மாத்திர அக்கா வந்திருக்கேன், கதவத் தொறங்க” என்று அந்தப் பெயரையே சொல்லிக் கதவைத் தட்டுவார்.

வகுப்பு நாள்களில் அவர் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. அதற்கான காரணத்தை ஒரு நாள் மதிய உணவின்போது சொன்னார்.

“எங்க வீட்டுல கொஞ்சம் சத்தமா சிரிச்சாலே, மாத்திர போட்டியான்னு கேக்குறாங்க டீச்சர். அழுதாலும் அதே கேள்விதான். கொழம்புல உப்பு கூடிப்போனாக்கூட அதே கேள்விதான். இந்த ரூமுல ஒருத்தரும் கேக்கல. இங்கதான் நான் சும்மா சிரிக்கிறேன்.”

ஆறாம் நாள் வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஆண்டில் தாம் செய்த தவறு ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், திட்டவும் செய்வார்கள். சொன்னவரின் பெயரைக் குறிப்பிடாமல் நான் அவற்றை எழுதி, அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் சேர்ப்பேன். ‘தவறுகள்’ என்ற தலைப்பு நன்கொடையாளர்களின் கண்ணுக்கு நன்றாக இராது என்று நிறுவனத்தின் செயற்குழுவினர் சொன்னதால், புத்தகத்தில் அப்பகுதிக்கு ‘கள அனுபவங்கள்’ என்று பெயரிட்டிருந்தோம்.

மறு ஆண்டு, ஐப்பசி முடிவில் கஜா புயல் வந்தது. தென்னைகளும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலையில் கிடந்தன. அதற்குப் பின் இரண்டு வாரங்கள் மலர்க்கொடியைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. பிறகு, அவர் மறுபடியும் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரிந்தது. நண்பகல் வெயிலில் மன்னார்குடிச் சாலையில் நின்றுகொண்டு, போவோர் வருவோர்க்கெல்லாம் தம் வீட்டுப் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தாராம். வீட்டின் கூரை போன அதிர்ச்சி என்று எல்லாரும் நினைத்தோம். ஐந்து வாரம் கழித்தே வீடு திரும்பினார்.

புயலால் தள்ளிப்போன வகுப்பு மாசி மாதத்தில் நடந்தது. அதன் ஆறாம் நாள். பார்க்கப் போன வீட்டில் மூன்று முறை காப்பி கேட்டு வாங்கிக் குடித்ததைத் தவறென்று ஒருவர் சொல்ல, “வடை கேக்கலியா?” என்று இன்னொருவர் வினவ, அறை கலகலத்தது. அடுத்து மலர்க்கொடி எழுந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

“சேரன்னு ஒரு தம்பிய நான் பாத்துக்கிட்டிருந்தேன். புயல்ல அவன் மாத்திரப் பை கூரையோட போயிடுச்சு. நாலாம் நாளு அவங்க அப்பா காத்தான் அண்ணன் எங்க வாசல்ல வந்து நின்னாரு. ‘பழையபடி கயித்த எடுக்க வேண்டியதுதான் போலருக்கு மலரு’ன்னாரு. எங்கிட்ட ஒரு மாசத்து மாத்திர இருந்துச்சு. அதே மாத்திரதான். பாதியப் பிரிச்சு அவனுக்குக் குடுத்துட்டேன். மிச்சத்த ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போட்டுக்கிட்டேன்.”

டாக்டர் மதிவதனி மெதுவாகக் கேட்டார்:

“எனக்கு ஏன் போன் பண்ணல?”

“டவரே சாஞ்சு கெடந்துச்சுங்க, டாக்டரம்மா.”

“உங்க மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா? ரத்தத்த சோதிச்சுப் பாத்து அளவு சொல்ற மாத்திர அது.”

“தெரியும். ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தீங்க. பரீட்சையில அந்தக் கேள்விக்குச் சரியாத்தான் எழுதினேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல. அதனால நான் செஞ்சது சரின்னு ஆயிடாது. கயிறுன்னு அவரு சொன்ன ஒடனே, எனக்குச் சேரன் தெரியல. என் காலுதான் தெரிஞ்சுது. அவனுக்கு என்ன வேணும்னு நான் பாக்கவே இல்ல. எனக்கு அன்னைக்கு என்ன வேணுமோ, அதத் தூக்கி அவன் கையில குடுத்தேன்.”

என் நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இவ்வளவு தெளிவான பாடத்தை நான் கேட்டதில்லை. அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. செயற்குழுவினர் படிப்பார்கள், பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று கண்டுபிடிப்பார்கள், அவரை நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சினேன். ஆகவே இவ்வாறு எழுதினேன்: ‘புயலின்போது மருந்து கிடைக்காமல் தவித்த இளைஞர் ஒருவருக்கு, பணியாளர் ஒருவர் தம்மிடமிருந்த மாத்திரைகளைப் பகிர்ந்தளித்தார். இளைஞர் உறங்கினார், நோய் முற்றாமல் காக்கப்பட்டார். பணியாளரும் பின்னர்ச் சிகிச்சை பெற்று நலமடைந்தார்.’ மூன்று வாக்கியங்களிலும் பொய் இல்லை. டாக்டர் மதிவதனி படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் அது அச்சாயிற்று.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுச் சித்திரையில், ஊரடங்கினால் பேருந்துகள் நின்றிருந்த நேரம். குத்தாலத்தில் பணிசெய்த பரணிதரன் என்பவர், மருந்து தீர்ந்துபோன ஒரு பெண்ணுக்குத் தம் மாத்திரைகளைக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் சரியில்லை என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது, வாந்தி நிற்கவில்லை, பேச்சுக் குழறியது. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து உயிர் பிழைத்தார். விசாரணையில் பரணிதரன் எங்கள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். “இதுல இருக்குறவங்க செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன்? பாடமாவே போட்டிருக்கீங்களே?”

பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மலர்க்கொடி என் வீட்டுக்கு வந்தார். புத்தகம் அச்சானபோது அவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. தாம் சொன்னதுதானே என்று விட்டிருந்தார். இப்போது படித்திருந்தார்.

“இது யாரு டீச்சர்? ரொம்ப நல்லவளா இருக்காளே.”

“உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதாம்மா…”

“வேலையக் காப்பாத்திக் குடுங்கன்னு ஒங்ககிட்ட நான் கேட்டனா? எல்லாரும் என்னப் பத்திரமா வச்சிக்கணும்னே பாக்குறீங்க. ரெண்டு நாளு யோசிச்சு, ஒப்புக்கணும்னு துணிஞ்சு, அத்தன பேரு முன்னால நின்னு சொன்னேன். அதப் போயி நல்ல காரியமா மாத்திட்டீங்களே. இப்ப ஒரு பொம்பள சாவக் கெடந்து வந்திருக்கா.”

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்துவதாகச் சொன்னேன்.

“நான் சொன்னபடியே எழுதுங்க. கால் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்ல, அதையும் எழுதுங்க. என் பேரையும் போடுங்க.”

“பேரு வேண்டாம்மா. நிச்சயமா உங்கள வேலையை விட்டு எடுத்துடுவாங்க.”

“பேரில்லாட்டி அது மறுபடியும் கதையாயிடும். மலர்க்கொடின்னு இருந்தாத்தான் ஒருத்தர் ரெண்டு பேராவது தேடி வந்து கேப்பாங்க, ‘அக்கா, அப்பறம் என்ன ஆச்சு’ன்னு.”

அவர் சொன்னபடியே எழுதினேன். அடுத்த பதிப்பில், அதே நாற்பத்தோராம் பக்கத்தில், அவருடைய பெயரோடு அது வெளிவந்தது. ஒரு மாதத்துக்குள் அவருக்குக் கடிதம் வந்தது. விதிமீறலைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டமையால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவதாகவும், அடையாள அட்டை இல்லாதவர்க்கு வகுப்பில் இடமில்லை என்றும் அதில் இருந்தது. புத்தகத்தைப் பின்பற்றியவர் என்பதால் பரணிதரனுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. தவறு என்னுடையது என்று செயற்குழுவிடம் நான் எழுதிக் கொடுத்தேன். என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கு விதிகள் பொருந்தா என்று பதில் வந்தது. டாக்டர் மதிவதனி அந்தக் கூட்டத்தில் மலர்க்கொடிக்காகப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. முன்பே பேசியிருக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளக்கூடிய சொல்தான் அது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய ஊருக்குப் போனேன். தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அவருடைய கணவர் ரெத்தினம் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர். நேத்துகூடப் புதுசா வேலைக்குச் சேந்தவங்க மூணு பேரு வந்தாங்க. எம் பொஞ்சாதி பண்ண தப்பக் கேக்குறதுக்கு பஸ் ஏறி வர்றாங்க. நானும் எவ்வளவோ பண்ணியிருக்கேன், ஒரு நாயும் வந்து கேக்கல.”

“நீங்க பண்ணதுக்குப் புத்தகம் பத்தாது” என்று வீட்டுக்குள்ளிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது.

அவர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாலையோரத்தில் என் பக்கத்தில் அமர்ந்தார். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போய்வருவதாகச் சொன்னார். அட்டை இல்லையென்றாலும் ஊரில் பழையவர்கள் தேடி வருவது நிற்கவில்லை. சேரனும் இன்னும் நான்கு பேரும் அவரோடுதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கையில் எடுத்த நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பதும் துப்புவதுமாக இருந்தார்.

“என்னம்மா?” என்றேன்.

“இந்த வருசம் ஒரு தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். அந்த நாலு பேருல ஒருத்தர்கிட்ட. பெருசா சின்னதான்னு எனக்கே தெரியல. அதான் பயமா இருக்கு.”

“எங்கிட்ட சொல்லுங்க.”

அவர் தலையசைத்தார். கோபம் இல்லை; கனிவாகத்தான் சொன்னார்.

“ஒங்ககிட்ட வேணாம். நீங்க என்மேல பாசமா இருக்கீங்க, அழகாக்கிடுவீங்க. வீட்டுல சொன்னா மாத்திர போட்டியாம்பாங்க. டாக்டரம்மாவும் இப்ப மெதுவாத்தான் பேசுவாங்க. அந்த ரூமுல நின்னு சொன்னாத்தான் நல்லாத் திட்டுவாங்க, குறுக்கக் கேள்வி கேப்பாங்க. யாருக்கும் ஒண்ணு ஆவுறதுக்கு முன்னால எனக்கு அது தெரியணும்.”

அந்த ஆண்டு வகுப்புகள் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவரைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அதுவரை பதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பேருந்து வந்து நின்றபோது, என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, படியருகில் நின்று கேட்டார்.

“வேலை வேணாம் டீச்சர். அட்டையும் வேணாம். ஆறாம் நாளு ஒரு நாள் மட்டும், பின்னாடி ஓரமா, என்ன ஒக்காரச் சொல்லிக் கேளுங்க.”