யானைக்கால் வண்டி

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. வெற்றிலைகூடப் போட மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கல்யாணமாகி மூன்று வருஷம் வரை என் அப்பா இதை நம்பவே இல்லை.

மாயவரத்துக்காரரான அப்பாவுக்குக் காரைக்கால் என்றாலே சாராயம்தான். எழுபதுகளில் தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. நான் வாழ்க்கைப்பட்ட காரைக்கால் பக்கம் பாண்டிச்சேரி சர்க்கார், கடைகள் பகலிலேயே திறந்து கிடக்கும். "அந்த ஊர்ல குழாயைத் திறந்தாலே அதுதான் வரும்" என்பார் அப்பா. கள்ளுக்கடை இருக்கும் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற மனுஷர். அப்புறம் எப்படிப் பெண் கொடுத்தார் என்றால், மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, என் அம்மாவுக்குப் பிடிவாதம்.

கொடுத்தாரே தவிர, ஒரு தடவைகூட அவரை வாயாரக் கூப்பிட்டதில்லை. எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்தாலும் என்னிடம்தான் பேச்சு. "அவருக்கு மோர் வேணுமான்னு கேளு." "அவரை விசிறிக்குக் கீழ உட்காரச் சொல்லு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? இவரோ மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் அன்று ராத்திரி சரியாகத் தூங்க மாட்டார், எனக்குத் தெரியும்.

இவருடைய போதை வேறு. பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுப்போன சின்ன கார். பார்த்தால் சோப்பு டப்பா, ஆனால் பந்தயத்துக்கென்றே செய்த ரகமாம். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். மிதித்தால் பறக்கும். எங்கே பறப்பது? நெரவி ரோட்டில் மாடு படுத்திருக்கும், கோட்டுச்சேரி ரோட்டில் நெல் காயும். அதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. "வளைவுல வால் வீசுது, டயர் அகலம் பத்தல" என்று ஒரு நாள் ஆரம்பித்தார்.

ஆரம்பித்தால் விடுவாரா? நாகப்பட்டினத்து லேத் பட்டறையில் நாலு வீலையும் நடுவே அறுத்து, இடையில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து, மெட்ராஸிலிருந்து வரவழைத்த அகல டயரை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். டயர் நாலும் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"எப்படி இருக்கு?"

"யானைக்கால் வந்த மாதிரி இருக்கு."

அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த டயர் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்ப மாவாட்டுகிற பலம் வேண்டியிருந்தது. முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே தகரத்தில் உரசிக் கத்தும், அதனால் எங்கள் தெருவுக்குள் திரும்ப ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சேற்றை வாரி ரெண்டு பக்கமும் இறைக்கும். எதிர்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை வெளேரென்று புறப்பட்டு, நாற்று நட்டவர்கள் மாதிரி பாதி வழியில் திரும்பியது. மன்னிப்புக் கேட்டு அலைந்தது நான். இவர் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்! தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பார். காற்றடிக்கக்கூட வேறு ஆள் கை படக்கூடாது. தெருப் பையன் ஒருவன் சும்மா தட்டிப் பார்த்ததற்கே முகம் சுண்டிப்போய்விட்டது.

எனக்கு வளைகாப்பு நடந்தது. முறைப்படி என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அப்பா வந்துதானே ஆகவேண்டும்? வந்தார். சடங்கு முடிந்ததும் அம்மாவும் மற்றவர்களும் பஸ்ஸில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி பஸ்ஸில் இடிபடக்கூடாது என்று எனக்கு மட்டும் கார், துணைக்கு அப்பா. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், "கடைத்தெருவைப் பார்த்துட்டு வரேன்" என்று துணிப்பையோடு போய்த் திரும்பினார். வண்டியின் டயரைப் பார்த்துவிட்டு, "இதுல போனா ஊர் போய்ச் சேருமான்னு அவரைக் கேளு" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "இருக்கட்டும்."

கோட்டுச்சேரி தாண்டி எல்லையில் செக்போஸ்ட். அந்தக் காலத்தில் சாராயத்தை டயர் டியூபில் அடைத்துக் கடத்துவார்கள். காரைக்காலிலிருந்து வருகிற எந்த வண்டியையும் போலீஸ்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஒரு கான்ஸ்டபிளுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"டிக்கியைத் திற" என்றார். இவர் திறந்தார். உள்ளே எஞ்சின்.

"என்னய்யா, டிக்கியில எஞ்சினை ஒளிச்சு வச்சிருக்க?"

"சார், இந்த வண்டியே அப்படித்தான்."

முன்பக்கம் திறந்தால் என் பெட்டியும் வளைகாப்புச் சித்ரான்னமும். கான்ஸ்டபிள் ஜன்னல் வழியாக எட்டி என் வயிற்றையே பார்த்தார். பொம்பளைகள் வயிற்றில் டியூபைக் கட்டிக்கொண்டு போவதும் அப்போது உண்டு.

"ஒம்பதாம் மாசம்யா! சந்தேகமா இருந்தா இங்கேயே பெத்துக் காட்டவா?" என்று போட்டேனே ஒரு சத்தம். மனுஷர் ரெண்டடி பின்னால் போனார். போன வேகத்தில் கண் அப்பாமேல் விழுந்தது.

"பெரியவரே, மடியில என்ன பை? கொஞ்சம் இறங்குங்க."

அப்பா நேரே ரோட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். திமிர், வேறென்ன என்று நினைத்தேன். அப்போது என் வீட்டுக்காரர் நடுவே புகுந்தார்.

"சார், நியாயமா நீங்க டயரைத்தானே பார்க்கணும்? எவ்வளவு அகலம் பாருங்க! எவ்வளவு வேணா அடைக்கலாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறாரே! சொல்லி வாய் மூடுவதற்குள் மண்டி போட்டு அவரே வால்வைக் கழற்றிவிட்டார். புஸ்ஸென்று காற்று வந்தது. கான்ஸ்டபிள் குனிந்து மோந்தார்.

"ரப்பர் வாடைதான் வருது."

"ஒண்ணைப் பார்த்து எப்படி சார் முடிவு பண்றது? அடுத்ததையும் பாருங்க."

கைப்பம்பை எடுத்து அதற்குக் காற்றடித்தார். அகல டயராயிற்றே, நிரம்பித் தொலைக்குமா? சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த டயரின் வால்வைப் பிடுங்கினார். கான்ஸ்டபிளின் பார்வை மறுபடி முன்சீட்டுப் பக்கம் போனது. "பின் டயர் ரெண்டு பாக்கி இருக்கு சார்" என்று இவர் அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. டிரைவர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலாவது டயரையும் மோந்து முடித்தபோது கான்ஸ்டபிளுக்கே தலை சுற்றிவிட்டது.

"ஐயா சாமி, நீ கெளம்பு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

பொறையார் வரை நான் வாயை மூடவில்லை. யாராவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்களா, பிள்ளைத்தாச்சியை வெயிலில் காய வைப்பார்களா, கேட்காத கேள்வி இல்லை. அவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக என்னோடு சேர்ந்து குறை சொல்கிற அப்பா, அன்றைக்குப் பையை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயவரத்தில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அப்பா இறங்கும்போது பை கதவில் இடித்தது. கண்ணாடியும் கண்ணாடியும் மோதிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

"என்னங்க அது?" என்றாள் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமினார். "பிராந்தி. உனக்குத்தான். மூட்டுவலிக்குத் தேய்க்க நல்லதாம்."

"எனக்கு எப்பங்க மூட்டுவலி வந்துச்சு?"

கள்ளுக்கடைத் தெருவில் மூக்கைப் பொத்துகிற என் அப்பா! திரும்பிப் பார்த்தால் இவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி குனிந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன், காதோடு.

"கோட்டுச்சேரிப் பள்ளத்துல வண்டி குதிச்சப்பவே பாட்டில் சத்தம் கேட்டுச்சு."

"அதுக்காக, ஒருத்தரையும் தொட விடாத டயர் நாலுலயுமா காத்தைப் பிடுங்குவீங்க?"

"பின்னே? மாமாவை நடுரோட்டுல இறக்கிப் பையைப் பிரிக்க விடறதா? காத்துதானே போச்சு. அடிச்சாச்சு."

துணியைப் பிழிந்த கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வழியெல்லாம் நான் திட்டினதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாத மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதை மசக்கை என்று நினைத்துக்கொண்டாள், ஒம்பதாம் மாசத்தில்!

அப்பா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தார். அவரைச் சாப்பிடச் சொல்லு என்று என்னிடம் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

இவர் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது.

பிள்ளை பிறந்து, பார்க்க வந்த இவர், "அடுத்த வாரம் பஸ்ஸிலயே வந்துடறேன் மாமா" என்றார். அப்பா பதறிப்போனார்.

"பஸ்ஸெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? அந்த அகல டயர் வண்டியையே எடுத்துட்டு வாங்க. உங்க அத்தைக்கு மறுபடியும் மூட்டுவலி."

அடுப்படியில் அம்மா கரண்டியைப் போட்ட சத்தம் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.