மூன்று அடுக்குக்குக் கீழே

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குத் துருவி என்றுதான் பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். மாமியாரே இவளிடம் வாய் கொடுப்பதில்லையாம், நான் எம்மாத்திரம்! பாக்கெட் லேபிளில் என்னென்ன பொருள் அச்சாக வேண்டும் என்று பார்ப்பது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. அவளுக்கு மேலதிகாரி நான்.

சரக்கு தருகிறவர்கள், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அடுக்கடுக்காக எழுதி எக்ஸ்எம்எல் கோப்பு அனுப்புவார்கள். கிரீம், அதற்குள் சாக்லேட், அதற்குள் இன்னும் என்னவோ. எதற்குள் எது வரலாம் என்ற விதிக்கு ஸ்கீமா என்று பெயர். அதை அவள் ஒரே உறுப்பை வைத்து எழுதியிருந்தாள்: ‘பொருள்’. அதற்குள் அதே ‘பொருள்’ எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம். கோப்பைப் படிக்கிற கம்ப்யூட்டர் நிரலும், உள்ளே ஒன்று இருந்தால் தன்னையே மறுபடி அழைக்கும். ஒன்றுமில்லை என்றால்தான் திரும்பும்.

“தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே போனா எங்கம்மா போய் நிக்கும்? மூணு அடுக்கு போதும். கீழ வர்றத வெட்டி விடு” என்றேன்.

“நாலாவதுல ஏதாவது இருந்தா சார்?”

“வந்தா பாத்துக்கலாம்.”

வந்தது. ஒரு மதியம் ஓடி வந்தாள், முகத்தில் ஈயாடவில்லை.

“சார், கிரீம்ல போடற புது சாக்லேட்ல ஒரு பேஸ்ட் சேத்திருக்காங்க. அந்தப் பேஸ்டுக்குள்ள வேர்க்கடலை. நாலாவது அடுக்கு. லேபிள்ல வரல.”

கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு பிஸ்கட் போதும், மூச்சு அடைத்துவிடும். நானூறு பெட்டி லாரியில் ஏறியாகிவிட்டது. வாசல் கேட் காவலாளிகளுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுப்பாரில்லை. எங்கே போய்த் தொலைந்தார்கள்!

அவள் தடதடவென்று படியிறங்கினாள். ஜன்னலில் பார்த்தேன். லாரி நகர்ந்துவிட்டது. செருப்பை உதறிவிட்டு ஓடி, அதன் முன்னால் கையை விரித்து நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது.

“வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?” டிரைவர் கத்தியது மாடிவரை கேட்டது.

மேலே வந்ததும் மூச்சுகூட வாங்காமல் நான் வெட்டச் சொல்வதற்கு முன் எழுதியிருந்த தன் பழைய ஸ்கீமாவைப் போட்டு, இதுவரை வந்த கோப்புகளையெல்லாம் ஓடவிட்டாள். ஏற்கெனவே கடைக்குப் போனவற்றில் என்னென்ன இருக்கிறதோ? நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

“வேற எதுலயும் நாலாவது அடுக்கு இல்ல சார்.”

போன உயிர் வந்தது. பிறகு நடந்ததை அறிக்கையாக அடித்தாள். ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது: ‘மூன்று அடுக்கோடு நிறுத்தச் சொன்னவர்.’

“இத மட்டும் நீங்களே அடிச்சிடுங்க சார்” என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் பெயரை அடித்தேன்.