பழைய நிலைக்கு, கையால்

எல்வின் வார்ட்வெல் முப்பத்து மூன்று ஆண்டுகள் லாம்சன் ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் இருந்தார். சம்பளமில்லாத வேலை. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை மாலைகளில் நூலகத்தின் கீழறையில் ஐந்து பேர் கூடுவோம். ஓடையோ குட்டையோ சதுப்போ உள்ள நிலத்தில், அதன் சொந்தக்காரர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று முடிவு சொல்வோம். அந்த ஐவரில் நானும் உண்டு. குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.

அதற்கு முன் எல்வின் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தார். ஊரில் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் அவருக்குத் தெரியும். முன்வாசல் வழியாக யாரும் அவரை அழைத்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை. தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் அளவு நாடாச் சுருள், சட்டைப்பையில் குளிர்ந்துபோன பீன்ஸ் சாண்ட்விச். மாதாமாதம் சர்ச்சில் நடக்கும் பீன்ஸ் விருந்துக்குத் தவறாமல் வருவார். அவர் உட்காரும் மேசையில் கடைசி வரை இடம் இருக்கும்.

அவர் நேர்மையானவர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. சிலருக்கு உயரம் அமைவதுபோல அவருக்கு அது அமைந்திருந்தது. தலை இடிக்கும் இடங்களிலும் அவர் குனிந்ததில்லை.

ரோலி டுசெட்டின் ஜல்லியைப் பற்றிச் சொன்னால் போதும். ரோலி எங்கள் ஊரின் ரோடு மேலாளர். குளிர்காலத்தில் ரோட்டில் பனி வழிப்பதும், அது உருக உப்பு போடுவதும் அவரும் அவருடைய இரண்டு லாரிகளும்தான். பதினோரு வருஷத்துக்கு முன் அவர் மனைவி லுசிலுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலி. வீட்டுக்குப் பின்னால் ஓடை. ரோலி பின்கதவிலிருந்து ஓடைக்கரை வரை ஜல்லி கொட்டிப் பாதை போட்டார். கடைசிப் பன்னிரண்டு அடி சதுப்பு. எல்வின் பாலத்தின் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டார். குழுவே நேரில் போனது.

"ரோலி, இது எப்ப போட்டது?"

"ஜூன்ல. தண்ணியப் பாக்கணும்னா அவ. சன்னல் வழியா சத்தம் மட்டுந்தான் வருதாம்."

"பர்மிட் கேட்டியா?"

"பன்னெண்டு அடிதான்யா, எல்வ்."

"கேட்டிருந்தா பலகைப் பாதை போடச் சொல்லியிருப்போம். கட்டை மேல நிக்கும், சதுப்புக்கு ஒண்ணும் ஆகாது."

"சரி, அதையே போட்டுடறேன்."

"மொதல்ல இதை எடு. அப்புறம் மனு குடு."

ஒவ்வொரு வார்த்தையும் சட்டப்படி சரி. ஐந்துக்கு ஐந்து வாக்கில் உத்தரவு போட்டோம். மண்வாரி இயந்திரம் இறங்கினால் சதுப்பு இன்னும் கெடும் என்பதால் எல்வின் ஒரு வரியைச் சேர்த்தார்: "பழைய நிலைக்கு, கையால் மீட்கப்பட வேண்டும், இயந்திரம் கூடாது." அந்த வரி நன்றாக இருந்ததால் அச்சுப் படிவத்திலேயே சேர்த்துக்கொண்டோம். இன்றும் இருக்கிறது.

ரோலி வேலை முடிந்து வந்து, செப்டம்பர் முழுவதும் வாளியில் ஜல்லியை அள்ளினார். நாங்கள் மூன்று முறை பார்வையிட்டோம். மூன்றாவது முறை எல்வின் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார்.

"அங்க இன்னும் மூணு கல்லு இருக்கு, ரோலி."

ரோலி மண்டியிட்டு அந்த மூன்றையும் எடுத்தார். சன்னலில் லுசில் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். பலகைப் பாதைக்கு அளவெடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். பாதைக்கான மனு ஏப்ரலில் விசாரணைக்கு வருவதாக இருந்தது. லுசில் பிப்ரவரியில் இறந்தார்.

எல்வின் அடக்கத்துக்குப் போனார். யாரும் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், பனியின் கனத்தில் ஊரின் உப்புக் கொட்டகை இடிந்து விழுந்தது. உப்பு இல்லாமல் இங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. புதுக் கொட்டகைக்கு ஏற்ற ஊர் நிலம் கட்டர் ரோட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே ஒரு குட்டை. பனி உருகும்போது நிரம்பி, ஆகஸ்டில் வற்றிவிடும். வற்றுவதால் மீன் இல்லை. மீன் இல்லாததால் மரத்தவளைகளும் பல்லி போன்ற புள்ளிச் சாலமாண்டர்களும் அங்கே முட்டையிடும். எல்வின் ஒவ்வொரு ஏப்ரலிலும் முட்டைக் கொத்துகளை எண்ணி எழுதிவைத்திருந்தார். ஊருக்கு அது வெறும் சேற்றுப் பள்ளம்.

"மழை பேஞ்சா என் வீட்டு வாசல்லயும் ஒண்ணு வருது. அதையும் வந்து எண்ணுவியா, எல்வ்?" என்று விசாரணையில் ஒருவர் கேட்டார்.

"முட்டை இருந்தா எண்ணுவேன்" என்றார் எல்வின். கேலி என்பது அவருக்கு உறைக்கவில்லை.

குழுவில் கொட்டகைக்கு ஆதரவாக இருவர். எதிர்த்து எல்வின், நான், இன்னொருவர். விசாரணை ஜூலைக்கு ஒத்திவைக்கப்பட்டது. எல்வினின் மூன்று வருஷப் பதவிக்காலம் ஜூன் முப்பதோடு முடிகிறது. மறுபடி நியமிப்பது ஊர் நிர்வாகக் குழுவின் கையில். ஜனவரிக் கூட்டத்திலேயே எல்வின், "இன்னும் மூணு வருஷம் கேட்டிருக்கேன். கடிதம் குடுத்தாச்சு. குறிப்புல ஏத்திடு" என்றார். நான் ஏற்றினேன். அந்த இடத்தை விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை, குட்டைக்கும் வேறு ஆளில்லை. இது எல்லாருக்கும் தெரியும்.

அவரை நீக்கினால் பேச்சு வரும். மார்ச் மாதம் நிர்வாகக் குழுத் தலைவி பிரெண்டா ஸ்டோவெல் என்னைத் தபால் நிலையத்தில் பிடித்தார். ஊரின் ஆண்டறிக்கையில் முதல் பக்கம் யாருக்காவது சமர்ப்பணம் செய்யப்படும். செத்தவர்களுக்கு, அல்லது ஓய்வு பெறுகிறவர்களுக்கு.

"இந்த வருஷம் எல்வுக்குன்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்கதான் எழுதணும். உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்."

"அவர் விலகலையே, பிரெண்டா."

"எண்பத்தொண்ணு ஆகுது. மனசுல களைச்சுட்டார், வாயால சொல்லமாட்டார். கௌரவமா அனுப்பி வைப்போமே. வேற மாதிரி அனுப்பினா உங்களுக்கு நல்லா இருக்குமா?"

எழுதினேன். பொய் என்று ஒரு வாக்கியத்தையும் காட்ட முடியாது. முப்பத்து மூன்று ஆண்டுகள், நானூறுக்கும் மேற்பட்ட பார்வையிடல்கள், பதினோரு குட்டைகள். வினைச்சொற்களை மட்டும் இறந்தகாலத்தில் வைத்தேன். பணியாற்றினார். காத்தார். எண்ணினார். விலகினார் என்று நான் எழுதவே இல்லை.

மே மாதம் ஊர்க்கூட்டம், சனிக்கிழமை காலை, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில். வாசலில் எல்லாருக்கும் ஆண்டறிக்கை கொடுத்தார்கள். எல்வின் வழக்கம்போல அறிக்கையின் உள்ளே இருந்த வரைபடங்களுக்கு நேராகப் போய்விட்டார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. பிரெண்டா மேடையில் அதை வாசிக்க ஆரம்பித்ததும்தான் நிமிர்ந்தார். வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ரோலி டுசெட்.

ரோலி எழுந்த பிறகு யார் உட்கார்ந்திருக்க முடியும்? முந்நூறு பேர் எழுந்தார்கள். ஓய்வுப் பரிசாக இரண்டு பேர் ஓர் ஆடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் முதுகில் ஊர் முத்திரை.

"ஒரு நாற்காலி போச்சு, ஒரு நாற்காலி வந்துச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்வின் ஒலிபெருக்கியிடம் போனார்.

"நான் விலகல" என்றார்.

கூடம் சிரித்தது.

"யார்கிட்டயும் விலகுறேன்னு சொல்லல. ஜனவரியிலேயே கடிதம் குடுத்திருக்கேன்."

சிரிப்பு இன்னும் ஏறியது. முப்பத்து மூன்று வருஷத்தில் எல்வ் அடித்த முதல் ஜோக் என்று பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விலகாம இருக்குறதுக்குப் பர்மிட் வாங்கிட்டியா, எல்வ்?" என்று ஒரு குரல். எல்வின் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"குறிப்புல இருக்கு. அங்க நிக்கிறாங்க பாருங்க, அவங்களைக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். சிரித்த முகங்கள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தட்டினேன்.

அவர் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். அது கதவில் இரண்டு முறை இடித்தது.

ஜூலையில் புது உறுப்பினர் வந்தார். மூன்றுக்கு இரண்டு. கொட்டகைக்கு அனுமதி. அதற்குப் பதிலாக, இருநூறு அடி தள்ளி ஊர் ஒரு புதுக் குட்டை தோண்ட வேண்டும் என்று நிபந்தனை. விசாரணையில் எல்வின் பொதுமக்களில் ஒருவராகக் கை தூக்கினார். இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். "பொறந்த குட்டைக்குத்தான் அதுங்க திரும்பி வரும். நீங்க தோண்டுறது அதுங்களுக்குத் தெரியாது" என்றார். நேரம் முடிந்தது. இலையுதிர் காலத்தில் ரோலியின் ஆட்கள் பள்ளம் தோண்டினார்கள். கரையில் ஒரு பலகை: "வார்ட்வெல் குட்டை." அந்தக் கௌரவமும் பிரெண்டாவின் யோசனை. அதற்குள் குழுவுக்கு நான் தலைமை.

இந்த ஏப்ரல், ஒரு வியாழன் மதியம் ரோலி எனக்குப் போன் செய்தார். "கட்டர் ரோட்டுல ஒரு அத்துமீறல். வந்து பாருங்க."

போனேன். ரோலியின் லாரி ரோட்டோரம் நின்றது. அவர் உள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எல்வின் தொடை வரை தண்ணீரில். கையில் வாளி. பழைய குட்டையிலிருந்து முட்டைக் கொத்துகளை உள்ளங்கையால் ஏந்தி வாளியில் வைத்து, இருநூறு அடி நடந்து, தன் பெயர் எழுதிய குட்டையில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மே ஒன்றாம் தேதி பழைய குட்டையில் மண் கொட்டப் போகிறார்கள்.

"எத்தனை ஆச்சு, எல்வ்?" என்று கேட்டேன்.

"அறுபத்து நாலு. இன்னும் இருபது சொச்சம்."

"அனுமதியில்லாம இதைத் தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்."

"மனு குடுத்திருக்கலாம்."

"குடுத்தா ஜூன்ல விசாரணை வரும்" என்றார். அதைச் சொன்ன பிறகு அவர் ரோலியின் லாரியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மனிதர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளும்போது முகம் தெளியும் என்று படித்திருக்கிறேன். அவர் முகம் தெளியவில்லை.

ரோலி லாரியின் கண்ணாடியை இறக்கினார். "புகார் குடுத்திருக்கேன். எழுத்துல வேணும்னாலும் தர்றேன்."

நான் காரிலிருந்து உத்தரவுப் படிவத்தை எடுத்து வந்தேன். தேதி, இடம், பெயர் நிரப்பினேன். மற்றதெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டப் போனேன்.

"வேணாம். நான் எழுதினது" என்றார்.

"அதுதான் விதி, எல்வ்."

"விதிதான்."

நான் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். பார்த்தவர் ரோலி ஒருவர்தான். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னும் பார்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேர்தான்.

எல்வின் வாளியை எடுத்துக்கொண்டு புதுக் குட்டைக்குப் போனார். இறக்கிய கொத்துகளை ஒவ்வொன்றாக ஏந்தி, மறுபடி பழைய குட்டையில் கொண்டுவந்து விட்டார். விதியை மீறத் தெரிந்தவர்தான், இரண்டு முறை மீறத் தெரியவில்லை. நான் கரையில் நின்று எண்ணினேன். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு முறை கால் இடறி உட்கார்ந்தார். வாளியை மட்டும் சாயவிடவில்லை. ரோலி லாரியை விட்டு நகரவில்லை.

கடைசியில் எல்வின் வெறும் வாளியோடு கரையேறினார்.

ரோலி இறங்கி வந்தார். புதுக் குட்டையின் ஓரமாக நடந்து, குனிந்து, ஒரு கிளையை விலக்கிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அங்க இன்னும் மூணு இருக்கு, எல்வ்."

எல்வின் திரும்பித் தண்ணீரில் இறங்கினார்.

மே ஒன்றாம் தேதி லாரிகள் சரியான நேரத்துக்கு வந்தன. நான் கோப்பில் எழுதினேன்: முட்டைக் கொத்துகள் அறுபத்து நான்கு, பழைய நிலைக்கு, கையால் மீட்கப்பட்டன. அத்துமீறல் தீர்ந்தது.