தற்செயலாக, நாலு மணிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு ஊர் பார்க்கப் போனோம்.

வில்லியனூரில் இருக்கிறவன் புதுச்சேரியில் ஊர் பார்ப்பதாவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயிலில் ஏறி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. வரி கட்ட, புண்ணாக்கு வாங்க, பல் பிடுங்க என்று வருஷம் பூராவும் போய்வருகிறேன். ஆனால் ஊர் பார்க்க? பக்கத்து ஊரை யார் பார்க்கிறார்கள்? புதுச்சேரியில் நின்று கடலை ரசிக்க வேண்டுமானால் மதுரையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பின் ஏன் போனோம்? அதுவும் அக்னி நட்சத்திரத்தில்?

என் மகள் தனத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே இரண்டு இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது... இரண்டு முறையும் எங்கள் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மூன்றாவது முறைக்கு என் மனைவி சம்மதிக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய அண்ணன், என் மச்சான், ஒரு யோசனையோடு வந்தார்.

“வூட்டுக்கு வர வெச்சாத்தானே மாப்ள ஊரு பேசும்? பாகூர்ல ஒரு இடம் இருக்குது. பையனுக்கு சைகோன்ல பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். லீவுல வந்திருக்கான், சீக்கிரம் கப்பல் ஏறணும். அவனும் அவங்கம்மாவும் ஞாயித்துக்கிழமை புதுச்சேரிக்கு ஊர் பாக்க வர்றாங்க. நீங்களும் வாங்க. நாலு மணிக்கு பொட்டானிக் தோட்டத்துல தற்செயலா பாத்துக்குங்க. புடிச்சா மேல பேசலாம். இல்லேன்னா ஊர் பாத்தோம், வந்தோம். யாருக்கு இன்னா தெரியும்?”

“நாலு மணிக்கு... தற்செயலாகவா?”

“சரியா நாலு மணிக்கு” என்றார் மச்சான்.

பையன் எப்படி இருப்பான் என்று கேட்டேன். “நாந்தான் தோட்டத்துல வந்து நிக்கப் போறேனே. காட்டித் தரமாட்டேனா?” என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். எதையும் வரிசையாகச் செய்கிறவன். காலையில் மாதா கோயில், பிறகு பெரிய மார்க்கெட், நடுப்பகலில் கடல் பாலம், சத்திரத்தில் சாப்பாடு, நாலு மணிக்குத் தோட்டம் என்று திட்டம் போட்டேன். கடல் பாலத்தை நடுப்பகலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடற்காற்று அடிக்கும், அந்த நேரத்துக்குக் குளுமையாக இருக்கும். அது என் கணக்கு. கணக்கில் சூரியனைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

ரயிலை விட்டு இறங்கியதுமே என் மனைவி காவலை ஆரம்பித்துவிட்டாள்.

“நெழல்ல நடடி. கறுத்துடுவே.”

மாதா கோயிலை எதிர்ச்சாரி நிழலில் நின்று பார்த்தோம். பாதிதான் தெரிந்தது. மார்க்கெட்டுக்குள் போகவேயில்லை, பட்டுப்புடவையில் மீன் வாடை ஏறிவிடுமாம். வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம்.

“பாக்க வந்துட்டு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு நின்னா இன்னாத்தம்மா பாக்கறது?” என்றாள் தனம்.

“நீ பாக்க வரலடி. உன்னப் பாக்க வராங்க.”

உலகத்தில் உல்லாசப் பயணம் போகிற எத்தனையோ பேர் இருப்பார்கள். இவ்வளவு தெளிவாக யாராவது அதை விளக்கியிருப்பார்களா, தெரியவில்லை.

கடல் பாலத்துக்கு வந்தோம். இரும்புக் கால்கள்மேல் கடலுக்குள் நீண்டுகொண்டே போகிற பாலம். சரக்கு வண்டிக்குத் தண்டவாளம் உண்டு. பலகை உண்டு. நிழல் கிடையாது. காற்று அடித்தது, வாஸ்தவம். அடுப்பு வாயிலிருந்து அடிப்பது போல. என் மனைவி என் மேல்துண்டைப் பிடுங்கி மகள் தலையில் போட்டாள். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. அதையாவது பார்க்கலாம் என்றால், “அந்தப் பக்கம் திரும்பாதே, மூஞ்சில வெயில் படுது” என்று கடலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள்.

பாலத்தில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு பைத்தியக்காரர்கள் இருந்தார்கள். ஒரு அம்மாளும் அவர் மகனும். மகன் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சராய், தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. குடையின் நிழல் முழுதும் அவர்மேல். அந்த அம்மாளோ பட்டுப்புடவையோடு வெட்டவெயிலில்.

“குடைய நல்லா புடி ராசா. காதோரம் வெயில் வுழுது பாரு.”

“பாருங்க, தாயின்னா அது” என்று என் மனைவி என்னிடம் பெருமூச்சு விட்டாள். “நமக்கு ஒரு கொட எடுத்தாரத் தோணுச்சா?”

அந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “எங்க, இந்த வெயில்ல?”

“சும்மா... ஊர் பாக்க” என்றாள் என் மனைவி.

“நாங்களும் சும்மாதான்.”

பையன் மரியாதையாகப் பேசினார். “சைகோன்ல கப்பல் நேரா கரைக்கே வந்து நிக்குங்க. இப்படி நடுக்கடல்ல நிக்க வெச்சுப் படகுல சாமான் ஏத்துறதெல்லாம் அங்க இல்ல.”

‘இதற்கு மேலுமா உமக்குப் புரியவில்லை’ என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. சைகோன் போய் வந்து வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. தவிர, நான் ஒழுங்குக்காரன். நாலு மணிக்கு நடக்க வேண்டிய தற்செயல் நடுப்பகலில் நடக்கும் என்று ஒழுங்குக்காரனுக்கு எப்படித் தோன்றும்?

கரைக்குத் திரும்பும்போது பின்னால் ‘தொப்’பென்று சத்தம். அந்த அம்மாள் பலகைமேல் சரிந்து கிடந்தார்.

நான் திரும்புவதற்குள் தனம் ஓடிவிட்டாள். நாங்கள் கொண்டுவந்திருந்த கூஜாத் தண்ணீரை முந்தானையில் கொட்டி, அவர் முகத்தைத் துடைத்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “ஐயோ, புடவை!” என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவிதான். ஆனால் புடவையைச் சொன்ன வாயோடு அவளும் உட்கார்ந்து அந்த அம்மாளின் உள்ளங்காலைத் தேய்த்தாள்.

“குடைய இவங்களுக்குப் புடிங்க” என்றாள் தனம்.

குடை கொஞ்சம் நகர்ந்தது. சிறிது நேரத்தில் அதுவாகவே பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது.

பையன் பயந்துபோயிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஆள் யாராவது இருக்காங்களா? ஆளக் கூப்பிடுங்க, ஆள!” என்று நாலு பக்கமும் பார்த்தார்.

“நாங்க ஆளுங்கதான்” என்றாள் தனம்.

“இல்லீங்க, வேலை ஆளு...”

தனமும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அந்த அம்மாளை மெதுவாகக் கரைக்கு நடத்திவந்தோம். பையன் குடையோடு முன்னால் நடந்தார். வழிவிடச் சொல்வதற்காக இருக்கலாம். வழியில்தான் யாரும் இல்லை. கரையில் ஒரு புஷ் வண்டி நின்றது. பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற அந்த வண்டியில் அம்மாளை ஏற்றினோம். “மெர்சி, மெர்சி” என்று பிரெஞ்சில் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பையனும் ஏறிக்கொண்டார். நல்ல பையன். மரியாதைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

சத்திரத்தில் என் மனைவி தனத்தின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அழாத குறை. பவுடர் போட்டாள். துடைத்தாள். மறுபடியும் போட்டாள்.

நாலு மணிக்குத் தோட்டத்துக்குள் போனோம். ஒரு பெரிய மரத்தடியில் மச்சான் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கையை விரித்தார்.

“அடடே! நீங்களா! இது இன்னா ஆச்சரியம்!”

வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பார். அவருக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தொப்பி எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் அந்த அம்மாள்.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாள்தான் முதலில் ஓடிவந்து தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பொண்ணா! ஏங்க, இவளா! எனக்கு உசுரு குடுத்தவளாச்சே!” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. “சீரு செனத்தி ஒண்ணும் வேணாம். எம்புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு. குடிக்கிற தண்ணியக்கூட எடுத்துக் கையில குடுக்கணும். கடல் தாண்டித் தனியா கெடக்கறானேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே கவலை வுட்டுது. நீ பாத்துக்குவே.”

“முடிஞ்சுது மாப்ள!” என்று மச்சான் என் விலாவில் இடித்தார்.

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. சர்க்கார் உத்தியோகம். சீர் வேண்டாம். கேசரிச் செலவுகூட இல்லை! இருந்தாலும் மரியாதைக்காக, “வீட்டில் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறேன்” என்றேன். என்ன சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்து வருகிற வாக்கியமா அது?

திரும்பும் ரயிலில் தனம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. என் மனைவி அவளை நிழலுக்கு நகரச் சொல்லவில்லை.

“எனக்குப் பாலத்துலயே தெரியும்பா” என்றாள் தனம். “சைகோன்னு அவர் சொன்னதும் தெரிஞ்சுடுச்சு.”

“தெரிந்தும் ஏம்மா சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தா அவர் நல்லா நடந்துக்கிட்டிருப்பாரு.”

நான் நியாயம் பேசிப் பார்த்தேன். பையன் கெட்டவரில்லை. அம்மா செல்லம். பழக்கமில்லை. போகப் போகச் சரியாகிவிடும்...

“கெட்டவர்னு நான் சொல்லலியே. அவங்கம்மா வுழுந்தாங்க, நாம இருந்தோம். சைகோன்ல நான் வுழுந்தா யாருப்பா இருப்பாங்க? ஆளக் கூப்பிடுவாரு. ஆளு வர்ற வரைக்கும்?”

இன்னொரு ‘இல்லை’க்கு நான் தயாராக இல்லை. அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ‘இல்லை’! மூன்றாவது இடமும் தட்டிப்போனால் நாலாவது வருமா? உத்தியோகம் கண் முன்னால் நின்றது. கடலும் நின்றது, எத்தனையோ நாள் கப்பலில் போக வேண்டிய கடல். நான் மனைவியைப் பார்த்தேன். காலையிலிருந்து அந்த முகத்தைக் கறுக்காமல் காப்பாற்ற அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அவள் பவுடர் டப்பாவைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள். “அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள்.

மறுநாளே மச்சான் வந்து நடுக்கூடத்தில் நின்று குதித்தார்.

“பொண்ணு வூட்டுக்காரங்க வேணாங்கறதா? எந்த ஊருப் பழக்கம் இது? அவன் குடிக்கிறானா, சீட்டாடறானா? ஒரு கொடைக்காகவா சம்பந்தத்தைத் தட்டுவீங்க?”

“ஆமாண்ணா. கொடைக்குத்தான்.”

“மின்னாடியே சொல்லியிருந்தா நானே இன்னொரு கொட வாங்கியாந்திருப்பேனே!”

யோசித்துப் பார்க்கிறேன். பெண் பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்கிறோமே, யாரைப் பார்க்கிறோம்? குளித்து, உடுத்தி, நிழலில் உட்கார்ந்து, விசிறிக் காற்றில் காபி குடிக்கிற ஒருவரைப் பார்க்கிறோம். அப்படி ஒருவர் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இருக்கிறார். தாகமும் வேர்வையும் வந்து, சட்டைக் கஞ்சி கலைந்த பிறகு வெளியே வருகிறவரோடுதான் மிச்ச ஆயுசு முழுதும் இருக்க வேண்டியிருக்கிறது. அவரை யாரும் நமக்குக் காட்டுவதில்லை.

மச்சான் லேசில் விடுகிறவரில்லை. கோபம் ஆறியதும் நெட்டப்பாக்கம் பக்கம் இன்னொரு இடம் இருப்பதாகச் சொன்னார். “இந்த வெயில் வேணாம் மாப்ள. மார்கழியில, ஜில்லுனு இருக்கும்போது, தோதா வரச் சொல்லட்டுமா?”

வேண்டாம், அடுத்த வாரமே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மார்கழியில் எல்லோருமே நல்ல மாப்பிள்ளைகள்தாம்!