அக்காவின் சீட்டுக்கு அக்கரையில் ஓர் ஆள்

சித்தி ஆற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவது கல்யாணத்துக்கு, சாவுக்கு, தீமிதிக்கு. இந்த மூன்றும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றபோதே எனக்குச் சந்தேகம். போதாததற்கு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் சித்திக்குக் கிடையாது.

“தம்பி, நீ மேல படிக்கலாம்ல?” என்றாள்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதற்கப்புறம் ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஐஸ் கடையில் வேலை. விடியுமுன் ஐஸ் பாளங்களை உடைத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, மீன் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இதில் மேலே படிக்க என்ன இருக்கிறது?

“படிக்கலாம் சித்தி. யாராவது எனக்குப் பதிலாப் பரீட்சை எழுதினா.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தி மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். விஷயத்தை அவள்தான் சொன்னாள். இக்கரையில், எங்கள் பக்கத்தில், ஒரு கல்லூரியில் கணக்கு எழுதுவதற்குச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம் மூன்று மடங்கு. ஆனால் அக்கரையில் த்வாண்டேயில் இருக்கிற இன்னொரு கல்லூரிக்கும் இந்தக் கல்லூரிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அங்கிருந்து வருகிறவர்கள் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம். இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கும் அப்படியே. ஒரே ஒரு நிபந்தனை: ஓர் ஆள் வந்தால் ஓர் ஆள் போக வேண்டும். த்வாண்டேயிலிருந்து ரங்கூனுக்கு வர ஆள் இருக்கிறது. ரங்கூனிலிருந்து த்வாண்டேக்குப் படிக்கப் போகிற கிறுக்கன் யார் இருக்கிறான்? அதனால், “ஆளைக் கொண்டாம்மா, சீட்டைத் தர்றோம்” என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

“ஓ, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற கதையா?” என்றாள் அம்மா.

“அப்ப சீர் என்ன செய்யறீங்க சித்தி?” என்றேன் நான்.

“மத்தியானச் சோறு போடறேன்டா.”

“அப்ப நான் இவளுக்குப் போடணும். சரிக்குச் சரி,” என்று அம்மா முடித்துவிட்டாள். இரண்டு சகோதரிகளும் என்னைத் தாரைவார்த்தது இவ்வளவு நேரத்தில்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். “எதுக்குக்கா உனக்கு இந்தக் கணக்கு?”

“இங்க துறைக்கிட்ட ஒரு அரிசி மண்டில ஆள் கேக்கறாங்க. சர்ட்டிபிகேட் கொண்டா, எடுத்துக்கறேன்னாங்க. இல்லாட்டி சாகற வரைக்கும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.”

சித்தியின் வெற்றிலைக் கடையில் அவள் பதினாலு வயதிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும். நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வாயை மூடினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது.

த்வாண்டேயில் எனக்குக் கிடைத்த படிப்பு, சின்ன எஞ்சின் பழுதுபார்ப்பது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு, படகு எஞ்சின், இந்த மாதிரி. எட்டாம் வகுப்பு போதும் என்றார்கள். போதாது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பேன்.

விடியுமுன் ஐஸ். அதை முடித்து, ஈர லுங்கியை மாற்றி, ஒரு கிண்ணம் மொஹிங்கா மீன் சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு சம்பான் படகில் ஏறினால் அக்கரை. அங்கிருந்து லைன் கார் என்கிற ஷேர் வண்டியில் தொங்கிக்கொண்டு த்வாண்டே. நடு ஆற்றில் எதிரே வருகிற சம்பானில் அக்கா இருப்பாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, மடியில் பை, முதுகு நேராக. பரீட்சை அறைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மாதிரி.

“சயாமா! இன்னிக்கு என்ன பாடம்?” என்று கத்துவேன். டீச்சரம்மா என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது.

“தேய்மானம்!”

“அது நான் பாத்துக்கறேன்! நீ வேற படி!”

இரண்டு படகிலும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் குடையை என் பக்கம் நீட்டி மிரட்டுவாள்.

முதல் மாதம் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. வேடிக்கை நனைந்து போயிற்று. இந்த ஆள்மாற்றத்தில் மாறியது கட்டணம் மட்டும் அல்ல என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. மத்தியானம் சாப்பிடப் போனால், “தம்பி, இந்த ரெண்டு குடம் மட்டும்,” என்பாள் சித்தி. சாப்பிட்டு எழுந்தால், “கொஞ்ச நேரம் கடையில இரு, நான் சாய்ஞ்சுட்டு வரேன்.” அக்கா செய்த வேலையெல்லாம் எனக்கு வந்தது. என் விரல் நுனியும் வெளுக்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் அக்காவோ எங்கள் வீட்டில் துணி மடித்து, அம்மாவை முழங்கால் வலிக்கு ஊசி போடக் கூட்டிப்போய், சாயந்தரம் ஆற்றைத் தாண்டினாள்.

“பாத்தியா, மகன்னா இப்படி இருக்கணும்,” என்று அம்மா அவளைக் காட்டி என்னிடம் சொன்னாள். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. சட்டையைக் கூடக் கழற்றாமல் பாயில் விழுந்தேன்.

வகுப்பில் தூங்கினேன். கண்ணைத் திறந்தபடியே தூங்க ஐஸ் வண்டி தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் எஞ்சின் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வாத்தியார், சயா, என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அவரும் காலையில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர் என்பது அவர் கொட்டாவியிலிருந்தே தெரியும். ஒருநாள் என் தோளைத் தட்டி எழுப்பி, பர்மியில் கேட்டார்:

“ஐஸ்காரரே, இந்த எஞ்சின் ஏன் கிளம்ப மாட்டேங்குது?”

“அதுக்கும் தூக்கம் போதலை சயா.”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்து, தேய்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேய்த்தேன். கிளம்பியது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே, குடம் காத்திருக்குமே என்றுதான் இருந்தது.

பிறகுதான் கரண்டு பிரச்சினை முற்றியது. கரண்டு வருகிற நேரத்தில்தான் ஐஸ் தொழிற்சாலை ஓடும். விடியுமுன் வந்துகொண்டிருந்த ஐஸ் எட்டு மணிக்கு, சில நாள் பத்து மணிக்கு என்று வர ஆரம்பித்தது. ஐஸ் வராமல் நான் கிளம்ப முடியாது. கிளம்பாவிட்டால் வகுப்பு போயிற்று. எதிர்ப் படகில் அக்கா என்னைத் தேடிப் பார்ப்பாளாம். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தமிழ் ஆள்தான், கெட்டவரில்லை.

“ஏன்டா, ஐஸ் உன் காலேஜுக்காகக் காத்திருக்குமா? உருகிடும்டா.”

“நானும்தான் உருகறேன் மொதலாளி.”

“நீ உருகினா எனக்கு நட்டமில்ல. காலைல இருக்கறதா இருந்தா இரு. இல்லன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்.”

அடுத்த வாரம் சயா என்னை வெளியே கூப்பிட்டார். மழை நின்றிருந்தது. வராந்தாவில் கழற்றிப் போட்ட பம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். மாதம் முடிந்ததும் இரண்டு கல்லூரியும் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கிற வழக்கம். நான் இன்னும் இரண்டு மூன்று நாள் வராவிட்டால் என் பெயரை அடித்தே ஆக வேண்டும். அடித்தால் அந்தப் பக்கம் அக்கா வெளியூர்க்காரி ஆகிவிடுவாள். மீதியைக் கட்டாமல் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள்.

“உங்களுக்குப் படிப்பு பிடிக்கலைன்னா பரவாயில்லை,” என்றார். “ஆனா அவங்க பரீட்சை அடுத்த மாசம்தானே? அதுக்குள்ள போயிடாதீங்க.”

அன்று சாயந்தரம் இக்கரையில் இறங்கியபோது அக்கா துறையில் தன் படகுக்காக நின்றுகொண்டிருந்தாள். காலில் சேறு. முகத்தில் தனாக்கா வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. முதுகு நேராக இல்லை. சயா சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டு, ஐஸ் கடையையும் சொன்னேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றேன்.

அவள் காலில் இருந்த சேற்றைப் படியில் தேய்த்தாள்.

“விடுடா. நான் நிறுத்திக்கறேன்.”

“என்னக்கா, இவ்வளவு சுலபமா?”

“வேலைய விட்டுட்டு நீ என்ன செய்வ? பெரியம்மா மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? சாப்பாடு போடறாங்கடா எனக்கு.” படகுக்காரன் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. “இன்னிக்கு டேலி ஆச்சு,” என்றாள்.

“என்னது?”

“பேலன்ஸ் ஷீட். ரெண்டு பக்கமும். மொத தடவையா, யாரையும் கேக்காம. எங்க சயாமா அதை எல்லாருக்கும் காட்டினாங்க.”

அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன பொருளின் அடையாளம் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு நாலு கிண்டல் வந்தது. ஒன்றும் நாக்குவரை வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

“படகு போவுது, ஏறு,” என்றேன். “காலைல எதிர்ல வருவேன். கொடையக் காட்டி மிரட்டாத.”

மறுநாள் முதலாளியிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கு அடுத்த நாளே என் வண்டியை வேறொருவன் தள்ளினான். என்னைவிட வேகமாக.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “உன்னை நான் உங்க சித்திக்குத் தத்துக் குடுக்கல,” என்றாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் குழம்பு தண்ணியாகிக்கொண்டே போனது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள் போல. பையில் வறுத்த மீன் கொண்டுவந்து, சித்தி கொடுத்தாள் என்று அம்மாவிடம் கொடுத்தாள். அந்த மீனையே அம்மா அவளுக்குப் பரிமாறினாள்.

மீதி நாட்களில் நான் வகுப்புக்குப் போனேன் என்று சொல்வதைவிட, என் உடம்பைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தேன் என்பதுதான் சரி. ஐஸ் இல்லாவிட்டாலும் தூக்கம் வந்தது. துறையில் கிடைத்த மூட்டையைத் தூக்கினேன், சித்தியின் குடத்தைத் தூக்கினேன். அக்காவின் பரீட்சை முடிந்த அன்று சாயந்தரம் எதிர்ப் படகில் அவள் இல்லை. இக்கரையிலேயே தங்கி, எங்கள் வீட்டில் படுத்து, மறுநாள் மத்தியானம்வரை தூங்கியிருக்கிறாள். “பொணம் மாதிரி கெடந்தாடா, பயந்துட்டேன்,” என்றாள் அம்மா.

அவள் பாஸ். அரிசி மண்டியில் எடுத்துக்கொண்டார்கள். மேசை கிடையாது, ஸ்டூல்தான். ஆனால் கணக்கு அவள் கையில்.

நான் பெயில். எஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டேன், எழுத்துப் பரீட்சையில் பாதித் தாள் வெள்ளையாகக் கொடுத்தேன். வேண்டுமானால் அடுத்த தடவை திரும்ப உட்காரலாம் என்றார் சயா. நான் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இனி ஆற்றைத் தாண்டுவது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

செய்தி எப்படி ஆற்றைத் தாண்டுகிறதோ தெரியவில்லை. பத்து நாள் போயிருக்கும். அக்கா மண்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறபோது பின்னாலேயே ஒரு பெண்மணியும் அவர் மகளும் வந்தார்கள். சித்தி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள், பர்மியர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றார்கள்.

“தம்பி பெயிலாயிட்டீங்களாமே,” என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை மறைக்க இடம் போதவில்லை.

“ஆமாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“இவளும் அந்தக் கணக்குப் படிப்புதான் கேக்கறா. நீங்க மறுபடி அங்க வந்தா, இங்க இவளுக்கு எடம்…”

அக்கா குறுக்கே வந்தாள். “வேணாம்மா. அவன் செஞ்சது போதும்.” பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், “முடியாதுன்னு சொல்லுடா. வாயை மூடிக்கிட்டு நிக்காத,” என்றாள்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பதினெட்டு வயதிருக்கும். தன் அம்மா பேசிய நேரமெல்லாம் அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், மாட்டை வாங்க வந்தவர் பல்லைப் பார்க்கிற மாதிரி. அவளே கேட்டாள்:

“நடுவுல நிறுத்திட மாட்டீங்களே?”

நல்ல கேள்வி. எனக்கு முதுகு வலித்தது. வேலையும் இல்லை. மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆற்றை நினைத்தாலே கண் சொக்கியது.

“திங்கக்கிழமை வரேன்,” என்றேன். “செவ்வாய்க்கிழமையப் பத்தி அன்னிக்குக் கேளு.”